மீதி எண்பத்து நான்கு விநாடிகள்

என் அறையில் இருக்கும் இரும்பு பீரோவின் இடப்பக்கத்தில், தரையிலிருந்து நான்கரை அடி உயரத்தில், ஒரு ஆன்டெனா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சாணும் இரண்டு விரலும் நீளமுள்ள கறுப்புக் கம்பி. அடியில் வடை அளவுக்கு வட்டமான காந்தம். வயரை நான் ஓய்வுபெற்ற வாரமே வெட்டி எடுத்துவிட்டேன். இனி வேலைக்கு ஆகாது என்று அலுவலகத்தில் கழித்துவிட்ட சாமான்களில் இதை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. என் மனைவிதான் அதற்கு ஒரு வேலை கொடுத்தாள். பீரோவில் ஒட்டவைத்து, காந்தத்துக்கு அடியில் மளிகைச் சீட்டைச் செருகிவைப்பாள். அவள் கடைசியாக எழுதிய சீட்டு இன்றும் அங்கேயே இருக்கிறது. ஒன்பது சாமான்கள். அன்று சீட்டை எடுத்துக்கொள்ளாமல், ஞாபகத்தை நம்பிக் கடைக்குப் போனேன். எட்டு வாங்கி வந்தேன், வெந்தயத்தை விட்டுவிட்டேன். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. நாள் கணக்கும் எனக்குத் தெரியும். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

எண்ணுவது என் சுபாவம். படி ஏறினால் படிகளை எண்ணுவேன். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் இலைகளை எண்ணுவேன். இது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று எழுபத்தாறு வயதில் யோசித்துப் பயனில்லை. ஆனால் தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருடம் என்னைக் காப்பாற்றியது அதுதான். கடைசிப் பத்து வருடத்தில் நான்கு வருடம் ஏற்காட்டில் வேலை. செல்போன் கோபுரங்கள் மலைக்கு வந்துகொண்டிருந்த காலம். கோபுரத்தை நிறுத்துவது வேறு ஆட்களின் பொறுப்பு. நிறுத்திய பிறகு அதன் அலை எந்த வளைவு வரைக்கும் போகிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் செத்துவிடுகிறது என்று பாதை பாதையாகப் போய் அளப்பது என் பொறுப்பு. ஒரு வாடகை ஜீப், அதன் கூரையில் இந்த ஆன்டெனா. வயர் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து, செங்கல் கனத்தில் இருந்த ஒரு சோதனைப் போனில் சேரும். போனிலிருந்து இன்னொரு வயர் என் மடியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு. நாங்கள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள இன்னொரு சின்னப் பெட்டி. திரையில் எண்கள் விநாடிக்கு இரண்டு முறை மாறிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் மைனஸ் எண்கள். மைனஸ் அறுபது என்றால் கோபுரத்தின் காலடியில் நிற்பதற்குச் சமம். மைனஸ் தொண்ணூறு என்றால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. மைனஸ் நூற்றைந்தைத் தாண்டினால் மலைதான், வேறொன்றும் இல்லை. பனிமூட்டம் வந்தால் சிக்னல் போய்விடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பனி ஒன்றும் செய்யாது, பாறைதான் செய்யும். இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன், ஒருவரும் நம்பியதில்லை. மனைவிக்கு ஒரு நாள் மைனஸ் கணக்கை முக்கால் மணி நேரம் விளக்கினேன். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நம்பரு கொறஞ்சா நல்லதுங்கறீங்க, ஏறுனா ஆகாதுங்கறீங்க. எம் பிரசர் மாதிரிதானுங்களா?"

"பிரஷர் இல்ல. இது மைனஸ்."

"சரிங்க" என்றாள். பிறகு முறத்தைப் பார்த்தபடியே, "பிரசர்தான்" என்றாள்.

கருவி அலையின் பலத்தைச் சொல்லும், வழியில் எவ்வளவு சிதைந்தது என்பதையும் சொல்லும். ஆனால் காதுக்கு அது எப்படி இருக்கிறது என்பதை மனிதக் காதுதான் சொல்ல வேண்டும் என்று அன்று எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை இருந்தது. தொண்ணூறு விநாடி ஓர் அழைப்பு. பதினைந்து விநாடி ஓய்வு. மறுபடி அழைப்பு. ஒவ்வொன்றுக்கும் குரல் எவ்வளவு தெளிவு என்று ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட்டு நோட்டில் எழுத வேண்டும். மறுமுனையில் தானாகவே எடுத்து, பதிவுசெய்த குரலைத் திரும்பத் திரும்பப் பேசும் ஒரு பெட்டி இருந்தது. முதல் வாரமே அது கெட்டுவிட்டது. ரிப்பேருக்குக் கீழே அனுப்பினோம், திரும்பி வரவேயில்லை. வேலை நிற்கக் கூடாது. எங்கள் குவார்ட்டர்ஸில் அலுவலகப் போன் இருந்தது. மகள் அப்போது சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பகல் முழுவதும் மனைவி தனியாகத்தான் இருப்பாள். அந்தப் பெட்டியின் இடத்தில் அவளை உட்காரவைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மார்க் போடுகிறவன் சொற்களைக் கேட்கக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல் புரிந்துவிட்டால், அறுந்த இடத்தை மனசு தானாகத் தைத்துவிடும். 'சாப்பாடு' என்பதில் நடு எழுத்து காணாமல் போனாலும் பசித்தவன் காதுக்கு அது முழுசாகவே விழும். அதனால் சந்தையில் பானையைத் தட்டிப் பார்க்கிறவன் மாதிரி கேட்க வேண்டும். கீறல் இருக்கிறதா, அடைப்பு இருக்கிறதா, அவ்வளவுதான். முதலில் கஷ்டமாக இருந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. யார் எதைப் பேசினாலும் ஒரு சொல்கூட உள்ளே போகாமல் ஓசையை மட்டும் கேட்க எனக்கு வந்துவிட்டது. அலுவலகத்தில் என்னை மாதிரி மார்க் போட ஆள் இல்லை என்று பேர் வாங்கினேன். அந்தப் பேரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒன்றிலிருந்து ஐம்பது வரை நிதானமாக எண்ணு, முடிந்தால் மறுபடி ஆரம்பி என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். இரண்டு நாள் எண்ணினாள். மூன்றாம் நாள் முப்பத்தேழில் நிறுத்திவிட்டாள். "ஏனுங்க, எண்ணியெண்ணி வாயே கோணிக்கும் போலிருக்குதுங்க. உங்களுக்கு எண்ணறது புடிக்கும். எனக்குப் புடிக்கோணுமுங்களா? வேற ஏதாச்சும் பேசறனுங்க" என்றாள். எதைப் பேசினாலும் எனக்கு ஒன்றுதான், நிறுத்தாமல் பேசினால் போதும் என்றேன். அன்றிலிருந்து பேசினாள். ஒவ்வோர் அழைப்பையும் "ஏனுங்க, கேக்குதுங்களா?" என்று ஆரம்பிப்பாள். "கேக்குது, பேசு" என்பேன். ஒரு தடவை, "ஊட்ல இருக்கறப்ப மூஞ்சி குடுத்துப் பேசமாட்டீங்க. போன்ல மட்டும் நொம்ப நல்லாப் பேசறீங்க" என்றாள். நான் பேசியது 'கேக்குது, பேசு' என்ற இரண்டு சொல்தான். அதுவே அவளுக்கு நொம்ப நல்ல பேச்சாக இருந்திருக்கிறது.

ஜீப் டிரைவர் கிளியூர்க்காரர். தலைமுறை தலைமுறையாக மலையில் பாடுபடும் குடும்பம். கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகு, வீட்டுச் சாப்பாட்டுக்குச் சாமை. என்னைவிட ஏழு வயது இளையவர். மலையில் நாங்கள் அளக்க வேண்டிய இடங்கள் முப்பத்து நான்கு. ஒரு முழம் தள்ளி நின்றால்கூட எண் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிற்க வேண்டும். டிரைவர் வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை விரலில் எடுத்து, பாதையோரப் பாறையிலோ மரத்திலோ ஒரு புள்ளி வைத்துவிடுவார். மறுமுறை வரும்போது முன் சக்கரம் அந்தப் புள்ளிக்கு நேராக வந்து நிற்கும். என் இரண்டு கையும் கம்ப்யூட்டரிலும் நோட்டிலும் இருப்பதால் போனை ஒரு சின்ன ஸ்பீக்கரில் மாட்டியிருந்தோம். அதனால் மனைவி பேசுவது எங்கள் இருவருக்கும் கேட்கும். நான் ஓசையைக் கேட்டேன். அவர் பேச்சைக் கேட்டார்.

ஒரு நாள் ஏரிக்கு மேலே இருக்கும் எஸ்டேட் பாதையில் நின்றபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாருங்க, அம்மா உப்புத் தீந்துபோச்சுன்னு மூணு வாட்டி சொல்லிப்போட்டாங்க. நீங்க என்னமோ நாலுன்னு எழுதறீங்க."

"அது லைனுக்கு மார்க்கு, டிரைவரே."

"சரிங்க. உப்புக்கு யாருங்க மார்க்கு போடறது?"

சிரித்துக்கொண்டேன். சாயங்காலம், மளிகைக் கடைகள் இருக்கும் ஒண்டிக்கடை முக்கைத் தாண்டும்போது அன்றைய எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். அவள் என் கையைப் பார்த்தாள். "கேக்குதுன்னு சொன்னீங்களே?" என்றாள். கேட்டது, நாலு மார்க் என்றேன். "அந்த நாலுல உப்பு எங்கீங்க?" என்று கேட்டுவிட்டு உப்பில்லாத ரசத்தை ஊற்றினாள். இதை அவள் மறுநாள் போனில் டிரைவரிடமே சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அதன் பிறகு அவள் வாங்கச் சொன்ன சாமானை அவர் ஞாபகம் வைத்துக்கொண்டு, ஒண்டிக்கடையில் என்னைக் கேட்காமலே ஜீப்பை நிறுத்துவார். "அம்மா புளி சொன்னாங்க, எறங்குங்க" என்பார். நானும் இறங்கி வாங்குவேன். இப்படி இரண்டு மாதம் நடந்தது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

போன மாதம் பீரோவின் மேல் தட்டை ஒழித்தபோது அந்த நோட்டுக் கிடைத்தது. நீல அட்டை, நூற்றிருபது பக்கம். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள். அழைப்புக்குத் தொண்ணூறு விநாடி வீதம் பதினைந்து மணி பதினெட்டு நிமிடம். நடுவில் அறுந்தவற்றைக் கழித்தாலும் பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாது. சராசரி மார்க் மூன்று புள்ளி நான்கு. பதினான்கு மணி நேரம் என் மனைவி என்னோடு பேசியிருக்கிறாள். நோட்டில் அவள் சொன்ன ஒரு சொல்கூட இல்லை. கம்ப்யூட்டரும் குரலைப் பதிவு செய்யவில்லை. எண்களை மட்டும்தான் பதிவு செய்தது. எந்த இடத்தில், எந்த மணிக்கு, அவள் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியும். என்ன சொன்னாள் என்று கேட்டால் உப்பு என்பேன். அதுவும் டிரைவர் சொல்லித் தெரிந்தது.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவன் நானூற்றுப் பதினேழாவது அழைப்பில் நின்றேன். இருபத்து மூன்றாம் இடம். கிளியூர்ப் பாதையில் ஒரு வளைவு. அங்கே ஒரு பாறை கோபுரத்தை முழுவதுமாக மறைத்தது. எப்போது போனாலும் இரண்டு மார்க்தான், சில நாள் ஒன்று. கோபுரத்தில் ஏறி ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி நான் ஐந்து கடிதம் எழுதிய பிறகு ஒருவழியாகத் திருப்பியிருந்தார்கள். திருப்பிய பிறகு அங்கே போட்ட முதல் அழைப்பு அது. மார்க் கட்டத்தில் ஐந்து என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன். குறிப்புக் கட்டத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: '6-ஆம் விநாடியில் தட்டும் ஒலி, ஜீப் கதவு. நடுவில் 4 விநாடி மௌனம். கோளாறு அல்ல.'

அந்த மௌனம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறுந்துவிட்டதோ என்று பதறித் திரையைப் பார்த்தேன். மைனஸ் எழுபத்திரண்டு. அறுபடவில்லை. அவள்தான் பேசாமல் இருந்திருக்கிறாள். பிறகு மறுபடி பேசினாள். வழக்கத்தைவிட மெதுவான குரல், கொஞ்சம் கீழிறங்கியது, ஒரு கீறல் கிடையாது. பானை என்றால் அது பானை. அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை இப்போதுகூட மனசுக்குள் ஓட்டிப் பார்க்க முடிகிறது. சொற்கள்தான் இல்லை. அன்று வீட்டுக்குப் போனதும் அவள் வாசல்வரை வந்தாள். வழக்கமாக வரமாட்டாள்.

"கேட்டுச்சுங்களா?" என்றாள்.

"அருமையாக் கேட்டுச்சு. அஞ்சு" என்றேன்.

சற்று நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்ச் சாப்பாடு போட்டாள். மறுநாள் போனில் ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணினாள். வேலை முடியும் வரைக்கும் எண்ணத்தான் செய்தாள். நூற்றுத் தொண்ணூற்றைந்து அழைப்புகள். எதிர்முனையில் ஒழுங்காக எண்கள் வருகின்றனவே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

நோட்டு கிடைத்த நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். அவள் என்ன சொன்னாள்? நாளெல்லாம் பனி மூடிக் கிடக்கும் அந்த இரண்டு அறையில் இருக்க முடியவில்லை, சேலத்துக்கே போய்விடலாம் என்று சொன்னாளா? உடம்பில் ஏதாவதா? நான் ஏதாவது தப்பாகப் பேசியிருந்தேனா? இல்லை, சந்தோஷமான விஷயம்தானா? மெதுவான குரல் இரண்டுக்கும் வரும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல், போனில் நான் நொம்ப நல்லாப் பேசுகிறவன் என்று நம்பிச் சொன்ன ஏதோ ஒன்று. இதைத் தெரிந்தவர் உலகத்தில் இன்னும் ஒருவர்தான் உண்டு. அந்த ஜீப்பில் இரண்டு பேர் இருந்தோமே.

தை மாதம் ஒரு புதன்கிழமை, மகளிடம் பழைய சிநேகிதரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நோட்டு பையில் இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணினேன். பன்னிரண்டாவதில் காது அடைத்துக்கொண்டது, பதினைந்தில் திறந்தது. வழியெல்லாம் ஒரே பயம். டிரைவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. இருந்தாலும் இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு பேச்சை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஒண்டிக்கடையில் இறங்கி ஜீப் ஸ்டாண்டில் விசாரித்தேன். "அவருங்களா? கண்ணாப்ரேசன் ஆனதுல இருந்து வண்டி எடுக்கறதில்லீங்க. ஊட்லதான் இருப்பாருங்க, ஏறுங்க" என்று ஒருவர் தன் ஜீப்பிலேயே கொண்டுபோய் விட்டார்.

களத்தில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. அவர் பலகையால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி, தலை முழுவதும் நரை. "யாருங்க?" என்று முகத்தைத் தூக்கினார்.

"இருபத்து மூணாம் நம்பர்ல வண்டிய நிறுத்தச் சொல்ற ஆளு, டிரைவரே."

"அட, சாருங்களா!" பலகையைப் போட்டுவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மூஞ்சி மங்கலாத்தான் தெரியுதுங்க. ஆனாக் கொரலு அப்பிடியே இருக்குதுங்க சாரு. அஞ்சு மார்க்கு போடலாமுங்க." சிரித்தார். நானும் சிரித்தேன். அதே சிரிப்போடு, "அம்மா நல்லா இருக்கறாங்களா?" என்றார்.

சொன்னேன். கையை விடவில்லை அவர். "எனக்கு யாருஞ் சொல்லலீங்களே, சாரு" என்று மட்டும் சொன்னார். பிறகு களத்தோரத்தில் என்னை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

போன்களில் அவள் என்னென்ன பேசினாள், ஞாபகம் இருக்கிறதா என்று நான்தான் ஆரம்பித்தேன். "அதெப்படீங்க மறக்கும்?" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னார். குரங்கு ஜன்னல் வழியாகப் புகுந்து தேங்காய் மூடியைத் தூக்கிக்கொண்டு போனது. அதைத் துரத்திப்போய் இவள் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தது. மகள் கடிதத்தில் 'ன', 'ண' மாறி எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பலாச்சுளை கொடுத்தது, அதில் பாதியை டிரைவருக்கு எடுத்துவைத்திருந்தது. ஏரியில் படகு ஓட்டுகிறார்கள், இவரைக் கூப்பிட்டால் படகில் எத்தனை ஆணி என்று எண்ணுவார் என்று கேலி செய்தது. "அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்புல வண்டி ஆடிப்போச்சுங்க. நீங்க 'சத்தம் போடாதீங்க டிரைவரே'ன்னு சொல்லிட்டு மூணுன்னு எழுதிக்கிட்டீங்க" என்றார். நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பதினொன்று. பதினான்கு மணி நேரத்தில் பதினொன்று திரும்பி வந்தது.

அப்புறம் நானூற்றுப் பதினேழாவது வரிசையை எடுத்து வாய்விட்டுப் படித்தேன். ஆன்டெனாவைத் திருப்பிய பிறகு முதல் அழைப்பு. ஆறாம் விநாடியில் கதவு. நடுவில் நான்கு விநாடி மௌனம். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அடங்கியது.

"அன்னிக்கு நான் எறங்கிட்டனுங்க, சாரு."

"எறங்கிட்டீங்களா?"

"அந்தக் கதவு நாந்தானுங்க. அம்மா எப்பவும் பேசற கொரலு இல்லீங்க அது. ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. புருசன் பொஞ்சாதி பேச்சு. பக்கத்துல உக்காந்து கேக்கலாமுங்களா? எறங்கித் தள்ளிப்போயி நின்னுக்கிட்டனுங்க."

"எறங்கறதுக்கு முன்னால என்ன சொன்னா?"

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "'ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாளைக்கு மார்க்கு போடாமக் கேளுங்க'ன்னாங்க. அவ்வளவுதானுங்க. நான் கதவத் தெறந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்கதானுங்களே கேட்டீங்க" என்றார்.

அவரிடம் எப்படிச் சொல்வது? இருபது வருடமாக, நான் கேட்டிருப்பேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதை எண்ணியே இறங்கிப் போனவர். நான் இத்தனை தூரம் வந்து கேட்பதிலிருந்தே மெல்லப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. "எறங்காம இருந்திருக்கோணும். தப்புப் பண்ணிப்போட்டனுங்களா சாரு?" என்று கேட்டார். இல்லை என்றேன். இதில் தப்பே செய்யாத ஆள் அவர் ஒருவர்தான்.

அந்த வளைவைப் பார்க்க வேண்டும் என்றேன். கைத்தடியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். கால் மைல் நடை. பாதையை அகலப்படுத்திப் பாறையில் பாதியை உடைத்துவிட்டார்கள். மிச்சம் நிற்கும் பாதியைக் கையால் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று, "இதானுங்க" என்றார். சுண்ணாம்பு எப்போதோ போய் அங்கே பாசி படர்ந்திருந்தது. என் போனில் சிக்னல் எண்ணைக் காட்டும் ஆப் ஒன்றை மகள் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அன்று ஒரு ஜீப் நிறைய இருந்த சாமான்கள் செய்த வேலை இப்போது சட்டைப்பையில் அடங்கிவிட்டது. எடுத்துப் பார்த்தேன். மைனஸ் அறுபத்தேழு. அன்றைக்குவிடச் சுத்தமான சிக்னல். இங்கிருந்து யாரோடு வேண்டுமானாலும் பேசலாம்.

திரும்பிப் பார்த்தபோது டிரைவர் பக்கத்தில் இல்லை. இருபதடி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சில்வர் ஓக் மரத்தில் கையை ஊன்றி நின்றிருந்தார். அன்றும் அங்கேதான் நின்றிருப்பார் என்று தோன்றியது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரையும் கூப்பிடவில்லை. ஆறு விநாடி எனக்குத் தெரிந்தது. மீதி எண்பத்து நான்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த எண்பத்து நான்கையும் நின்று கழித்தேன். கீழே எங்கோ எஸ்டேட்டில் பழம் பறிக்கிற பெண்களின் பேச்சுச் சத்தம் வந்தது. ஒரு சொல்லாவது பிடிபடுமா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். தூரம் அதிகம்.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தேன். தப்பாக எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். பழைய எண் கோட்டுக்கு அடியில் படிக்கும்படி இருக்க வேண்டும். ஐந்தின் மேல் கோடு போட்டேன். ஒப்பம் போட்டேன். குறிப்புக் கட்டத்தில் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, அவள் சொன்ன மாதிரியே எழுதினேன். இடம் போதவில்லை. அடுத்த அழைப்பின் கட்டத்துக்குள்ளும் போய்விட்டது. என் நோட்டில் ஒரு வரிசை இன்னொரு வரிசைக்குள் போனது அது ஒன்றுதான்.

எழுந்து பீரோ அருகில் போனேன். இந்த மூன்று வருடத்தில் அந்தச் சீட்டை நான் எடுத்ததில்லை. இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. ஆன்டெனாவை இழுத்தேன். காந்தம் லேசில் விடவில்லை. சீட்டு கையில் வந்தது. ஓரங்கள் பழுத்திருந்தன; காந்தம் இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுப்பு மாறாமல் இருந்தது. அவள் எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கும். துவரம்பருப்பில் ஆரம்பித்து, அவள் எழுதிய வரிசையிலேயே, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். வெந்தயத்தையும் படித்தேன். மறுபடி மேலிருந்து படித்தேன். அப்புறம் சீட்டை இருந்த இடத்திலேயே வைத்து, அதன் மேல் ஆன்டெனாவை ஒட்டினேன். எத்தனை நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.